சிப்ரியான் பெயருக்கு நேரே

"உன் பூட்டனார் பேர் என்னம்மா?" என்று பங்குச் சாமியார் நான்காவது தடவையாகக் கேட்டார்.

"பியேர், சாமி," என்றாள் ஓசித்.

"பாட்டனார்?"

"அவரும் பியேர்."

"தகப்பனார்?"

"பியேர்தான்."

சாமியார் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வயதைத் தாண்டாத மனிதர். விரலெல்லாம் மசி. மூன்று வாரமாக இந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கடலுக்கு அப்பால் அமெரிக்கக் கரையிலுள்ள அக்காதியிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் வம்சத்தை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறார். பியேர், ஷான், மரி என்ற மூன்று பெயரைத் தவிர நாலாவது பெயரைக் கேட்டால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும் என்று ஊரில் பேச்சு.

"எல்லாருக்கும் ஒரே பேரா இருந்தா, ஊருல எப்படிம்மா ஆளை அடையாளம் வச்சீங்க?"

"அதுல என்ன சாமி கஷ்டம்? செவிட்டுப் பியேர், மேட்டுவீட்டுப் பியேர், குதிரைக்காரப் பியேர். குதிரைக்காரர் எங்கப்பா."

"செவிட்டுப் பியேர்னு ராஜாவோட கோர்ட்டுக்கு எழுத முடியாதே."

"அப்போ பியேர், பியேர், பியேர்னே எழுதிக்குங்க. எழுதி முடிச்சீங்கன்னா நான் வீட்டுக்குப் போவேன். மாடு கறக்கணும்."

பெஞ்சில் சாட்சியாக உட்கார்ந்திருந்த ஒனொரே தொண்டையைச் செருமினார். ஓசித்தின் பெரியப்பா மகன். அறுபது வயது. அவர்கள் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த நாலைந்து பேரில் ஒருவர். அதனாலேயே எல்லா வீட்டுக்கும் சாட்சி. எல்லா வீட்டுக்கும் வில்லங்கம்.

"செவிடு உன் பூட்டன் இல்ல. அவரோட தம்பி ஷார்ல்," என்றார்.

ஓசித் கண்ணை மூடித் திறந்தாள். "அண்ணே, காலையில பூட்டி பேரு தப்புன்னீங்க. அப்புறம் பூட்டன் கொத்தனாரே இல்லன்னீங்க. இப்ப ஒருத்தர் செவிட்டைக் கழட்டி இன்னொருத்தர் காதுல மாட்டுறீங்க."

"சத்தியம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கேன். தப்பைக் கேட்டுட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், 1755இல், அக்காதியின் பிசிகித் ஊரில் இங்கிலீஷ்காரர்கள் அவர்களைக் கப்பலேற்றியபோது, வீடுகளோடு கோயிலும் போயிற்று, கோயிலோடு ஞானஸ்நானப் புத்தகங்களும் போயின. யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்பதற்குக் காகிதம் என்று எதுவும் இல்லை. தலைக்குள் இருப்பதுதான் மிச்சம். அதனால் பிரான்சின் பெல்-ஈல் தீவில் குடியேற்றப்பட்ட எழுபத்தெட்டுக் குடும்பங்களும் பங்குச் சாமியார் முன்னால் வந்து, பிரான்சிலிருந்து முதன்முதல் கடல்தாண்டிப் போன முன்னோர் வரைக்கும் சத்தியம் வைத்துச் சொல்லவேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. வீட்டுத் தலைவர் சொல்ல வேண்டும். ஓசித்தின் புருஷன், இங்கிலீஷ்காரர்கள் அவர்களைக் கைதிகளாக வைத்திருந்த லிவர்பூலில் அம்மை கண்டு செத்துப்போனதால், அவள் வீட்டுக்கு அவளே தலைவர்.

"சரி, செவிடு வேண்டாம். உன் கூடப் பிறந்தவங்களைச் சொல்லு."

"ரெண்டு தங்கச்சிங்க. வர்ஜீனியாக்காரன் எங்களை இறங்கவிடாம கப்பலோட நிறுத்திவச்ச குளிர்காலத்துல ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஒரு தம்பி, சிப்ரியான்."

"சிப்ரியான் உயிரோட இருக்கானா?"

கதவோரம் நின்றிருந்த மொதெஸ்த் ஒரு அடி முன்னால் வந்தது ஓசித்துக்குக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. மொதெஸ்த் சிப்ரியானின் மனைவி. கல்யாணமாகிப் பத்து மாதத்தில் புருஷனைப் பிரிந்தவள். அன்றிலிருந்து இன்றுவரை நாத்தனாரோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பவள்.

"தெரியாது, சாமி," என்றாள் ஓசித்.

"தெரியாதுன்னா எப்படிம்மா எழுதுறது?"

"அவனை வேற கப்பலுக்குக் கொண்டுபோனாங்க. படகுல ஏறினதைப் பார்த்தேன். தலையில தொப்பி இருந்துச்சு. அதுக்கு மேல நான் எதையும் பார்க்கல. பார்க்காததை சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டேன்."

சாமியார் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். வரிசை கோயில் சுவர்வரை நீண்டிருந்தது. "தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் நேரம் தர்றேன். செவ்வாய்க்கிழமை புத்தகம் ராஜாவோட கோர்ட்டுக்கு, வான்ங்கிற நகரத்துக்குப் போகுது. செத்துட்டான்னா எங்கே, எப்போ. இருக்கான்னா எங்கே. கேட்டு விசாரிச்சுட்டு வா."

வெளியே காற்று ஆளைத் தள்ளியது. பாதையில் இறங்கும்வரை பொறுத்திருந்த மொதெஸ்த், பிறகு பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை, மதினி. 'செத்துட்டான்.' சொல்ல எவ்வளவு நேரமாகும்?"

"நீ போய்ச் சொல்லேன்."

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. எனக்குக் கல்யாணம் ஆகணும்னு சொல்றேன்னுவாங்க. நீங்க அவர் அக்கா."

"உனக்குக் கல்யாணம் ஆகணும்னுதான சொல்லச் சொல்ற?"

"ஆமா," என்றாள் மொதெஸ்த். "அதுக்குத்தான். அதுல என்ன தப்பு? பத்தொன்பது வயசுல விட்டுட்டுப் போனார். எனக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. இன்னும் எத்தனை வருஷம் உங்க மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

அவளைப் பெண் கேட்டிருப்பவன் கெனொலே. சோஸோன் துறையில் மத்தி மீனை உப்புப் போட்டுப் பீப்பாயில் அழுத்தும் கொட்டகை வைத்திருக்கும் உள்ளூர்ப் பிரெத்தோன்காரன், மனைவியை இழந்தவன். அவன் பேசும் பாஷை இவளுக்குப் புரியாது, இவள் பேசுவது அவனுக்குப் பாதிதான் புரியும். அதனால்தான் ஒத்துப்போகிறார்கள் என்று ஓசித் சொல்வாள். ஆனால் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. பிறகு மீன் பருவம் வந்துவிடும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் மொதெஸ்த் விதவை என்று எழுத்தில் ஆகவேண்டும். பதினொரு நாள் இருந்தது.

ஓசித் பிடிவாதம் பிடிப்பதற்கு சத்தியம் மட்டுமே காரணம் இல்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாள், பிசிகித் கரையில், சிப்ரியான் அவர்களோடுதான் நின்றான். படகு ஏறப் போகிற நேரத்தில் ஓசித்துக்கு இரும்புச் சட்டி ஞாபகம் வந்தது. அம்மாவின் சட்டி. போகிற இடத்தில் எதில் கஞ்சி காய்ச்சுவது? "ஓடிப்போய் எடுத்துட்டு வாடா," என்று அவளே அனுப்பினாள். அவன் மேடேறி ஓடினான். அவன் சட்டியோடு திரும்பி வருவதற்குள் சிப்பாய்கள் கயிறு போட்டு வரிசையை வெட்டிவிட்டார்கள். அவனை அடுத்த வரிசையில் நிறுத்தினார்கள். அந்த வரிசை அடுத்த கப்பலுக்கு. தொப்பி போட்டிருந்தான் என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். கையில் சட்டி இருந்தது என்று மட்டும் சொல்லமாட்டாள்.

அவன் செத்துவிட்டான் என்று தன் வாயால் எழுதவைத்தால், அனுப்பியவளும் தான், புதைத்தவளும் தான் என்றாகிவிடும்.

மறுநாள் காலையில் இரண்டு பெண்களும் விசாரிக்கக் கிளம்பினார்கள். பாஸ்டன் வழி வந்தவர்கள், மேரிலாந்தில் இருந்தவர்கள், சேன்-மாலோவில் கரையேறியவர்கள் என்று தீவு முழுக்க ஆள் இருந்தார்கள். யாராவது பார்த்திருக்கமாட்டார்களா?

பார்த்திருந்தார்கள். அதுதான் தொல்லை.

பாங்கோர் பக்கத்தில் ஒரு கிழவர் சிப்ரியானைப் பாஸ்டனில் விறகு வெட்டப் பார்த்ததாகச் சொன்னார். "நல்ல உயரம். சிவப்புத் தலைமுடி."

"என் தம்பி குட்டை. கறுப்பு முடி."

"அப்போ வேற சிப்ரியானா இருக்கும்," என்றார் கிழவர் சற்றும் அலட்டிக்கொள்ளாமல். "ஆனா நல்ல பையன்."

அடுத்த வீட்டுக்காரி சிப்ரியான் கரோலினாவிலிருந்து தோணியில் தப்பிவரும்போது மூழ்கிவிட்டதாகக் கண்ணீரோடு சொன்னாள். மொதெஸ்த்துக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எந்த வருஷம்?" என்றாள் ஓசித். "ஐம்பத்து நாலு." "நாங்க கப்பலேறினதே ஐம்பத்தஞ்சுலதான்." "அப்படியா? அப்போ ஐம்பத்தாறு." லோக்மரியாவில் ஒருவன், சிப்ரியானுக்கு ஒரு கால் போய்விட்டது, ஆனால் அந்தக் காலோடும் நன்றாக ஆடுவான் என்றான். எந்தக் காலோடு என்று ஓசித் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

"பார்த்தீங்களா," என்றாள் மொதெஸ்த் திரும்பும் வழியில். மரக்காலணியில் சேறு ஏறி இருவருக்கும் நடை கனத்திருந்தது. "ஒருத்தர் சொல்லுக்கும் இன்னொருத்தர் சொல்லுக்கும் பொருத்தமில்ல. இவங்க எல்லாரும் சத்தியம் பண்ணி வம்சம் எழுதினவங்கதான். நீங்க ஒருத்தர் மட்டும்தான் புனிதவதி."

"அவங்க பண்ணின சத்தியத்துக்கு அவங்க பதில் சொல்லிக்கட்டும்."

"உங்க தம்பி இருந்திருந்தா உங்களைப் பார்த்துச் சிரிச்சிருப்பார்."

"அவன் எதுக்கும் சிரிக்கமாட்டான். கேள்வியை முடிக்கிறதுக்குள்ள 'இல்ல'ன்னு சொல்லுவான், அவ்வளவுதான். 'சாப்பிட்டியா'ன்னா 'இல்ல.' சாப்பிட்டு முடிச்சிருப்பான்."

மொதெஸ்த் முதன்முறையாக அன்று சிரித்தாள். பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டு, வீடுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் கெனொலேயே ஆள் அனுப்பினான். அவன் கொட்டகைக்கு எர்வே என்ற மாலுமி வந்திருக்கிறான். போன பருவத்தில் அக்காதிக்கு அருகிலுள்ள மிக்லோன் தீவுப் பக்கம் காட் மீன் பிடிக்கப் போய்வந்தவன். அங்கே அக்காதிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வந்து கேளுங்கள் என்று சொல்லியிருந்தான். கல்யாணம் ஆகட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்த காரியம்.

எர்வே ஒரு காலிப் பீப்பாய்மேல் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தான். சிப்ரியான் என்ற பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினான். "எங்க படகுக்கு ஓட்டை அடைச்சுக் கீல் அடிச்சவன் ஒரு சிப்ரியான். சிப்ரியான் துவாரோன். பாஸ்டன்லேர்ந்து அறுபத்து மூணுல வந்தவன்."

துவாரோன் அவர்கள் வீட்டுப் பெயர்தான். ஆனாலும் ஓசித் இதை முந்தைய நாட்களில் வெவ்வேறு விதமாகக் கேட்டுச் சலித்திருந்தாள். "உயரமா, குட்டையா?"

"குட்டை. இந்தப் புருவத்துல ஒரு தழும்பு. குதிரை உதைச்சதுன்னு சொன்னான்."

ஓசித் ஒரு அடி கிட்டே வந்தாள்.

"விசித்திரமான ஆளு," என்று எர்வே முடிச்சை இழுத்துக்கொண்டே தொடர்ந்தான். "நாம ஒண்ணு கேட்டு முடிக்கிறதுக்குள்ள 'இல்ல'ம்பான். கீல் ஆச்சான்னா 'இல்ல.' போய்ப் பார்த்தா ஆகியிருக்கும்."

மொதெஸ்த் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் பொண்டாட்டி ரொட்டி சுட்டுக் கொடுப்பா எங்களுக்கு," என்றான் எர்வே. "நல்ல கைமணம். ரெண்டு பையன், ஒரு கைக்குழந்தை."

கெனொலே கொட்டகையின் அந்தப் பக்கத்தில் நின்றிருந்தான். அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. மொதெஸ்த்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்டாட்டின்னா?" என்றாள் ஓசித். "அவனுக்குப் பொண்டாட்டி இங்க இருக்கா."

எர்வேயின் கை நின்றது. இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "முதல் சம்சாரம் லிவர்பூல்ல அம்மை போட்டுச் செத்துட்டாங்கன்னு சொன்னான். கடுதாசி வந்துச்சாம். அந்தக் கடுதாசியைச் சாமியார்கிட்ட காட்டித்தான் கல்யாணம் பண்ணினான். எட்டு வருஷம் காத்திருந்தேன்னு எங்கிட்டயே சொல்லியிருக்கான். நானா எதையும் ஜோடிக்கல, அம்மா."

"யார் எழுதின கடுதாசி?"

"லிவர்பூல்ல இருந்த அவங்க சொந்தக்காரர் யாரோ. பெரிய பட்டியல். யார் இருக்கா, யார் செத்தான்னு."

லிவர்பூலில் அப்படி ஒரு பட்டியல் எழுதியது ஒரே ஒரு ஆள்தான். இங்கிலாந்து-பிரான்சு சண்டை முடிந்து, பிரான்சுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயம், கடல்தாண்டிச் சிதறிய உறவுகளுக்கெல்லாம் தகவல் போகட்டும் என்று ஒனொரே இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். அத்தனை பேரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஓசித்தும் கும்பிட்டாள்.

அவர் வீட்டுக்கு இரண்டு மைல். இருவரும் நிற்காமல் நடந்தார்கள். ஒனொரே வாசலில் குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, லிவர்பூல்ல எழுதின பட்டியல்ல மொதெஸ்த்தைப் பத்தி என்ன எழுதினீங்க?"

"எந்த மொதெஸ்த்?"

"இதோ நிக்கிறாளே, இந்த மொதெஸ்த்."

ஒனொரே யோசித்தார். அவருக்கு ஞாபக சக்தி உண்டு. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. "இவளைத் தனியா எழுதல. உன் வீட்டோட எழுதினேன். 'ஓசித், விதவை, கூட ஒரு பெண்.' இடம் பத்தாது பாரு, ஒரே காகிதம்."

"செத்தவங்க பட்டியல்ல?"

"செத்தவங்கள்ல ஒரு மொதெஸ்த் உண்டு. த்ரஹான் வீட்டுல இருந்த இன்னொரு சிப்ரியானோட பொண்டாட்டி. பாவம், நல்ல பொண்ணு."

"எப்படி எழுதினீங்க?"

"'மொதெஸ்த், சிப்ரியான் மனைவி, அம்மை.'" சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். லாடம் கையிலிருந்தது. "த்ரஹான்னு போடல. யாருன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரியும்," என்றாள் ஓசித். "செவிடு என் பூட்டனா, அவர் தம்பியான்னு அரை நாள் வாதாடினீங்க. நூறு வருஷத்துக்கு முன்னால செத்தவர் காது உங்களுக்கு முக்கியம். உயிரோட இருக்கிறவளுக்கு ஒரு வீட்டுப் பேர் எழுத மசி இல்லாமப் போச்சு."

ஒனொரே லாடத்தைக் கீழே வைத்தார். அவரைத் திட்டத் திட்ட ஓசித்துக்கு ஆத்திரம் தணியாமல் கூடிக்கொண்டே போனது. ஏனென்றால் சட்டி ஒரு பக்கம் அவள் கண்முன்னால் வந்து வந்து போயிற்று. அவரைச் சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

மொதெஸ்த்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க மதினி. அவரை அடிச்சாக்கூட அந்தக் காகிதம் திரும்பி வராது."

அன்று சாயங்காலம் மொதெஸ்த் பாலைக் காய்ச்சி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். தன் கிண்ணத்தைத் தொடவில்லை.

"அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். "அவருக்கும் தெரியாது. எட்டு வருஷம் இருந்திருக்கார்."

"அவனுக்கு இப்ப தெரியவேண்டாமா? ஒரு கடுதாசி போட்டு..."

"போட்டு? நான் இருக்கேன்னு தெரிஞ்சா அந்தக் கல்யாணம் செல்லாது. மூணு பிள்ளைங்க அப்பன் பேர் இல்லாம நிக்கும். என்னை அங்கே கப்பலேத்துவாங்க. மறுபடியும் கப்பல், மதினி. அவர் மூஞ்சி எனக்கு ஞாபகம்கூட இல்ல. புருவத் தழும்பு எந்தப் பக்கம்னு அந்த மாலுமி சொல்லித்தான் ஞாபகம் வந்துச்சு." கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "என் பிள்ளையும் லிவர்பூல்லதான் போச்சு. எட்டு மாசம். அது இருந்ததே அவருக்குத் தெரியாது. அதையும் அந்தப் பட்டியல்ல யாரும் எழுதல."

"அப்போ செத்துட்டான்னு சொல்லட்டுமா?" என்றாள் ஓசித். இத்தனை வருடத்தில் அவள் இறங்கிவந்தது அதுதான் முதல் தடவை. "சொல்லிடறேன். நீ அந்த மீன்காரனைக் கட்டிக்க."

"வேண்டாம்."

"நாலு நாளா அதைத்தானடி கேட்ட."

"நாலு நாள் முன்னால அது நிஜமா இருக்கும்னு நினைச்சேன். இப்ப பொய்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டு கோயில்ல போய் நிக்கமாட்டேன்."

ஓசித் கிண்ணத்தைத் தரையில் வைத்த வேகத்தில் பால் சிந்தியது. "நான் சொல்லமாட்டேன்னா சொல்லுங்கற. சொல்றேன்னா வேண்டாங்கற. உன்னோட குடும்பம் நடத்தினா என் தம்பிக்கே 'இல்ல இல்ல'ங்கிறதைத் தவிர வேற பேச்சு வந்திருக்காது."

சனிக்கிழமை மதியம் ஓசித் கோயிலுக்குப் போனாள். பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் மரக் கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, சட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சட்டியைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மிக்லோன், மூன்று பிள்ளைகள், பட்டியல், கடைசியில் மொதெஸ்த் வேண்டாமென்றது. தட்டிக்கு அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு கேட்டது.

"இதையெல்லாம் ஏம்மா என்கிட்ட இங்க வந்து சொன்ன?" சாமியாரின் குரலில் பக்தியைவிடச் சலிப்பு அதிகம்.

"இங்கதான் சாமி சொல்லணும். மேசையில சொன்னா நீங்க எழுதிடுவீங்க."

"இப்ப நான் என்ன செய்ய?"

"அது உங்க பாடு. நான் ஒரு வாரமா என் பாட்டைப் பார்த்துட்டேன்."

சட்டிக்குப் பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியாயே' செபம் சொல்லச் சொன்னார். இவ்வளவு வருஷத்துக்கு மூன்றுதானா என்று அவள் கேட்க, போதும் போம்மா என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மேசை போட்டார்கள். ஓசித், மொதெஸ்த், சாட்சிக்கு ஒனொரே. சாமியார் யார் முகத்தையும் பார்க்காமல் புத்தகத்தைப் பிரித்தார். நேற்றுத் தொட்டிக்குள் கேட்டதை இன்று மேசைக்குக் கொண்டுவர அவருக்கு அனுமதி இல்லை.

"பூட்டனார், பாட்டனார், தகப்பனார் எழுதியாச்சு. உன் புருஷன் எழுதியாச்சு. முடிஞ்சது. கையெழுத்துப் போடு."

"தம்பியை எழுதலையே, சாமி."

"உத்தரவுல நேர் வம்சம்தான் கேட்டிருக்கு. கூடப் பிறந்தவங்க கட்டாயமில்ல."

ஓசித் அவரையே பார்த்தாள். "கட்டாயமில்லையா?"

"இல்ல."

"அப்போ போன வாரம் எதுக்கு சாமி கேட்டீங்க? தீவு முழுக்க எதுக்கு நடந்தோம்? என் காலணியைப் பாருங்க."

சாமியாருக்கு முகம் சிவந்தது. "இப்ப விட்டுடலாம்னு சொல்றேன். உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அது அவளுக்குப் புரியாமல் இல்லை. தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் கீறல் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் புத்தகத்தில் அப்பா பெயருக்குக் கீழே தன் பெயர் மட்டும் நிற்பதை அவள் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு வரிக்குக் கீழே எத்தனை வரி என்று எண்ணத் தெரியும்.

"எழுதாம விட்டா, குதிரைக்காரப் பியேருக்கு ஆம்பளைப் பிள்ளையே இல்லன்னு ஆயிடும். அவன் பிறந்தான் சாமி. நான் தூக்கி வளர்த்தேன். எழுதுங்க."

"எழுதினா முடிவையும் எழுதணுமே, அம்மா." அவர் குரல் கெஞ்சியது.

"தெரிஞ்சதை எழுதுங்க. சிப்ரியான், பிசிகித்தில் பிறந்தான். மொதெஸ்த்தைக் கல்யாணம் பண்ணினான். ஐம்பத்தஞ்சுல கப்பலேத்தினாங்க. புள்ளி வச்சுடுங்க."

"ஒரு பிள்ளை," என்றாள் மொதெஸ்த் பின்னாலிருந்து. "ஷான். லிவர்பூல்ல பிறந்து லிவர்பூல்லயே போச்சு. அதையும்."

இறகு கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பிறகு எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார். ஒனொரே குறுக்கிட்டு, பூட்டனாரின் சொந்த ஊர் அது இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். ஓசித் சிலுவைக் கீறல் போட்டாள். செவ்வாய்க்கிழமை புத்தகம் படகேறிப் போயிற்று.

மொதெஸ்த் மறுநாளே கொட்டகைக்குப் போய்க் கெனொலேயிடம் சொன்னாள். ஓசித்தும் கூடப் போயிருந்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உயிர்?" என்றான். "உயிர்," என்றாள் மொதெஸ்த். "அப்ப கோயில் இல்ல," என்றான். "கோயில் இல்ல." அவன் சற்று யோசித்து, உப்பு வாரும் மரக்கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "வேலை இருக்கு," என்றான்.

அவள் அந்தப் பருவம் முழுக்க அங்கே வேலைக்குப் போனாள். காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். ஊர் பேசியது. ஓசித்துக்கு ஊரோடும் சண்டை, வீட்டுக்குள் அவளோடும் சண்டை. இலையுதிர் காலத்தில் கெனொலே கொட்டகையை விற்றுவிட்டு எதிர்க்கரையிலுள்ள லோரியான் துறைமுகத்துக்குப் போனான். ஒரு வாரம் கழித்து மொதெஸ்த்தும் மூட்டை கட்டினாள். லோரியானில் யாருக்கும் யாரையும் தெரியாது. கல்யாணமானவர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

"போ," என்றாள் ஓசித், மாட்டைப் பார்த்தபடி. "பன்னிரண்டு வருஷம் உன் குறட்டையைக் கேட்டாச்சு."

"குறட்டை விடறது நீங்க, மதினி."

மொதெஸ்த் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஓசித் திரும்பவில்லை. மாடு கறப்பதை நிறுத்தவும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் லோரியான் படகு ஒன்றில் அவளுக்கு ஒரு சின்னப் பீப்பாய் வந்தது. மத்தி மீன், ஒழுங்காக அடுக்கி அழுத்தியது. கடுதாசி எதுவும் இல்லை. மொதெஸ்த்துக்கும் எழுதத் தெரியாது. கொண்டுவந்த படகுக்காரன், அந்த அம்மா முழுகாமல் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, பதில் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டான்.

ஓசித் ஒரு மீனை எடுத்து அங்கேயே கடித்துப் பார்த்தாள்.

"உப்பு ஜாஸ்தின்னு சொல்லு," என்றாள். அவன் படகை நோக்கி நடந்த பிறகு, மறுபடி கூப்பிட்டு, "குழந்தைக்குப் பியேர்னு மட்டும் வைக்கவேண்டாம்னு சொல்லு," என்றாள்.